மூளை இருந்தால் போதுமா? மதுரைக் கண் டாக்டரின் கதை

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் மதுரையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். "உன் மகன் எத்தனை மார்க்கு?" என்று கேட்பார்கள். நிறைய மார்க்கு வாங்கிய பையனைப் பார்த்து, "அவனுக்கு என்ன குறை? மூளை இருக்கிறது, பிழைத்துக்கொள்வான்" என்பார்கள். மார்க்கு குறைந்த பையன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

மூளை உள்ளவன் பிழைத்துக்கொள்வான், சரி. அவன் வாழ்வில் வெற்றி பெறுவானா? சந்தோஷமாக இருப்பானா?

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1921-ம் ஆண்டில் கலிபோர்னியா பள்ளிக்கூடங்களில் இருந்து மகா புத்திசாலிப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தார். மொத்தம் 1,500 பேருக்கு மேல். சாதாரண ஆளின் புத்தி அளவு 100 என்று வைத்துக்கொண்டால், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 140க்கு மேல் இருந்தது. அவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் டெர்மன் விடவில்லை. என்ன வேலை, எவ்வளவு வருமானம், குடும்பம் எப்படி என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

பலர் வக்கீல்களாகவும் டாக்டர்களாகவும் பேராசிரியர்களாகவும் ஆனார்கள். சிலர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவர்களில் மிகவும் முன்னேறிய ஆண்கள் 150 பேரையும், மிகவும் பின்தங்கிய ஆண்கள் 150 பேரையும் டெர்மன் 1940-களில் ஒப்பிட்டுப் பார்த்தார். இரு சாராருக்கும் புத்தி அளவு ஏறக்குறைய ஒன்றுதான்! விடாமுயற்சியிலும், தன்னம்பிக்கையிலும், ஒரே குறியாக நிற்பதிலும்தான் வித்தியாசம் இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. "மார்க்கு போதாது" என்று அந்தச் சோதனையில் கழிக்கப்பட்ட இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். ஷாக்லி 1956-லும், ஆல்வரெஸ் 1968-லும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். தராசில் நிற்காத கற்கள் வைரமாகிவிட்டன!

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மதுரை அண்ணா நகரிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

மணலில் எழுதிய பையன்

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்று ஒரு கரிசல் காட்டுக் கிராமம். அங்கே 1918 அக்டோபர் 1-ந் தேதி ஒரு விவசாயியின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் வெங்கடசாமி. உடன் பிறந்தவர்கள் 4 பேர். சிறு வயதில் அவருக்குச் சிலேட்டும் கிடையாது, காகிதமும் கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, விரலால் எழுதித்தான் படித்தார்.

நல்ல மூளை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். சிறு வயதில் உறவுப் பெண்கள் கர்ப்ப காலத்தில் இறந்துபோனதைப் பார்த்தவர் அவர். அதனால் பிரசவ டாக்டராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பட்டம் பெற்றதும் பட்டாளத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

அப்போது விழுந்தது இடி. 30 வயதில் கடுமையான மூட்டுவாதம்! ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுக்கை. எழுந்து நிற்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. கை விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. அந்த விரல்கள் கடைசிவரை நேராகவே இல்லை.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பட்டம் வாங்கிய நாளில் இருந்த அதே மூளைதான் படுக்கையில் கிடந்தபோதும் அவருக்கு இருந்தது. மூளையில் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அதைக்கொண்டு என்ன செய்வது? பிரசவ டாக்டராகும் ஆசை மண்ணாகிவிட்டது.

அவர் கண் வைத்தியம் படிக்கப் போனார். கோணல் விரல்களால் கத்தி பிடிக்கக் குழந்தையைப் போலப் பழகினார். தம் கைக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்குத் தலைவராக வந்தார். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது பெயர் பெற்றிருந்த இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்தார். தம் வாழ்நாளில் அந்த விரல்களால் அவர் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கு மேல்!

இலவசம் என்றாலும் வரவில்லை

1976-ல், 58-வது வயதில், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். பென்ஷனை வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் எல்லோரும் கூடவே இறங்கினார்கள். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினார்கள். வசதி உள்ளவர் கொடுக்கும் கட்டணத்தில் வசதி இல்லாதவருக்கும் வைத்தியம். இதுதான் ஏற்பாடு.

கண்புரை வந்தால் விழியில் உள்ள வில்லை பாலாடை படர்ந்தாற்போல் மங்கிப்போகும். அரிசியில் கல் பொறுக்க முடியாது. களை எடுக்கப் போக முடியாது. மருமகள் முகம்கூட நிழலாகத்தான் தெரியும். ஒரு சிறிய ஆபரேஷனில் இதெல்லாம் சரியாகிவிடும். அதுவும் இலவசம். அப்படியும் கிராமத்துக் கிழவி ஏன் வரவில்லை?

அவளுக்குப் பஸ்ஸுக்குக் காசு இல்லை. துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போய்விடும். மதுரையில் எங்கே தங்குவது, யார் சோறு போடுவது? இருக்கிற பார்வையும் போய்விட்டால்? இந்தப் பயம் வேறு. இது தெரிந்ததும் ஆஸ்பத்திரியார் கிராமங்களில் முகாம் போட்டார்கள். அங்கேயே கண்ணைச் சோதித்து, ஆபரேஷன் தேவைப்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அழைத்துவந்தார்கள். சோறும் படுக்கையும் கொடுத்து, ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

புத்திசாலித்தனம் என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பலகாரக் கடையில் படித்த பாடம்

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் என்று ஒரு பலகாரக் கடை. ஊருக்கு ஊர் கிளைகள். எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே ருசி, மலிவான விலை. மற்றவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள். வெங்கடசாமி, "கண் ஆபரேஷனை ஏன் இப்படிச் செய்யக்கூடாது?" என்று யோசித்தார்.

அரவிந்த் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த நோயாளியை மற்ற மேஜையில் தயார் செய்து வைத்துவிடுவார்கள். டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை. மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

முன்பெல்லாம் புரையை எடுத்த பிறகு சோடா பாட்டில் அடி போன்ற தடிமனான கண்ணாடி போட வேண்டும். கண்ணுக்குள்ளேயே வைக்கும் சின்னஞ்சிறு வில்லை வெளிநாட்டில் வந்துவிட்டது, ஆனால் விலை ஏழைக்கு எட்டவில்லை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை அமைத்து, அந்த வில்லையைப் பல மடங்கு குறைந்த விலையில் செய்தார்கள். இன்று அது பல நாடுகளுக்குப் போகிறது.

அறிவும் திறமையும் மட்டும் போதாது, நல்ல காரியத்தைச் செய்வதில் உண்டாகும் ஆனந்தமும் வேண்டும் என்பது வெங்கடசாமியின் எண்ணம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய சொத்தும் சேர்க்கவில்லை. மூட்டுவலி ஆயுள் முழுவதும் கூடவே இருந்தது. சந்தோஷத்துக்கு வேண்டியவை என்று ஊரார் சொல்லும் பட்டியலில் பாதிக்கு மேல் அவரிடம் இல்லை. 2006 ஜூலை 7-ந் தேதி, 87-வது வயதில் அவர் காலமானார்.

அந்த இரண்டு மேஜைகளுக்கு நடுவே டாக்டருக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களைச் சேர்க்கும்போது மார்க்கைவிடக் குணத்தையும் உழைப்பையுமே பெரிதாகப் பார்க்கிறார்கள். இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். பிறகு அந்தப் பெண் பாட்டியின் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்துவருகிறாள். "பயப்படாதீங்க பாட்டி, வலிக்காது" என்கிறாள். மறுநாள் காலையில் கட்டு அவிழ்க்கும்போது பாட்டி கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வதும் அவளுடைய வேலைதான்.