‘முன்பே இருந்த நோய்’ என்று எழுதிவிட்டார்கள்

ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டு செல்லும் சாலையை ஒட்டிய காலனி அது. மாலை வெயில் தணிந்ததும் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, மடியில் தோலை வைத்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நாம் போனபோது அவர்களில் ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு மருத்துவமனை பில், ரூ.68,400. கூடவே காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம், ஆங்கிலத்தில்.

“பணம் தரமாட்டோம்னு எழுதியிருக்காங்களாம் சார். எதிர் வூட்டுல காலேஜ் படிக்கிற பையன் படிச்சுச் சொன்னான்” என்றார்.

அவருடைய கணவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டேனரியில் டிரம் வேலை செய்கிறார், ஒப்பந்தக்காரர் மூலமாக. கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு மூச்சு வாங்க முடியாமல் போய், அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்கு நாள் சிகிச்சை. கையில் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அங்கே போனார்கள்.

அந்த இன்சூரன்ஸ் வந்த கதையையும் கேட்டோம். ஒன்றரை ஆண்டுக்கு முன் மகளிர் குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். கையில் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். “லோன் வேணும்னா இதையும் போட்டுக்கணும்னாங்க. போனுக்கு ஓடிபி வந்துச்சு, சொன்னேன். அவ்ளோதான் சார்.” ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா என்று விண்ணப்பத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்யப்பட்டிருக்கிறது. செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கேள்விகளை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

ஆனால் மருத்துவமனையில் ஒருவர் கேட்டார். இரவுப் பணி டாக்டர், எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டபோது, “ரொம்ப நாளா இருக்குது சார், அஞ்சாறு வருசம் இருக்கும்” என்று பதற்றத்தில் இவர் சொல்லியிருக்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. நிறுவனம் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டது. முன்பே இருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்கள், ஆகவே பணம் கிடையாது என்கிறது கடிதம். அந்த நாலு சுவருக்குள் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவருக்கே பொய்யர் பட்டம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியைப் பார்ப்போம். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த, அல்லது மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ அளித்த நோய்தான் ‘முன்பே இருந்த நோய்’. அப்படி இருந்தாலும்கூட அதற்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான் என்று 2024-இல் குறைத்திருக்கிறார்கள். முன்பு 4 ஆண்டுகளாக இருந்தது. இந்தக் குடும்பம் மூச்சிரைப்புக்கு எந்த டாக்டரிடமும் போனதில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனதுதான் அவர்களுடைய வைத்தியம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். இதை ‘மறைத்தல்’ என்று எப்படிச் சொல்வது? டாக்டரிடம் போக வசதியில்லாதவரிடம் டாக்டர் சொன்னதை ஏன் மறைத்தாய் என்று கேட்கிறார்கள்.

நடுத்தர வர்க்கத்துக்கும் இந்த நிறுவனங்கள் மீது கோபம் இருக்கிறது, நியாயமான கோபம். பிரீமியம் வருடா வருடம் ஏறுகிறது, கிளெய்ம் என்றால் ஆயிரம் கேள்வி. ஆனால் அவர்களிடம் பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய ஃபைல் இருக்கிறது, ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரிகிறது. நம் மக்களிடம் மஞ்சள் பைதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்பும் சல்ஃபைடும் குரோமியமும் புழங்கும் இடத்தில் இருபது ஆண்டு நின்றவருக்கு நுரையீரலும் தோலும் கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தோலைத் தொடுவது தீட்டு என்று ஒதுங்கியவர்கள் முதலாளிகளாகவும் ஏற்றுமதியாளர்களாகவும் வந்துவிட்டார்கள். டிரம்மைக் கழுவுகிற வேலை மட்டும் அதே சேரிக்காரர்களிடம் நின்றுவிட்டது. நகராட்சிகளில் சாக்கடை அள்ளுகிறவர்களின் கதையும் வேறல்ல. வேலை தந்த நோயைத் தனியார் காப்பீடு ‘நீ கொண்டுவந்த நோய்’ என்று திருப்பி எழுதுகிறது.

இதற்கு ஒரு மாற்று நாட்டில் இல்லாமலில்லை. இஎஸ்ஐயில் முன்பே இருந்த நோயா என்ற கேள்வியே கிடையாது. தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம். அன்றாட மாத்திரைகூடக் கிடைக்கும். சட்டத்தில் உள்ள தொழில்சார் நோய்களின் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இது உரிமை. அப்படியானால் இந்தக் கணவருக்கு ஏன் இல்லை? ஒப்பந்தக்காரரின் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் ஷூ தைக்கும் மனைவிக்கோ முதலாளி யாரென்றே தெரியாது. தோலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தைத்ததை வாங்கிப்போகும் இடைத்தரகரை மட்டும்தான் தெரியும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை. ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது. மாதாமாதம் வாங்கும் இன்ஹேலருக்கு உதவாது. இந்தக் குடும்பத்தின் அட்டையில் புது ரேஷன் கார்டு எண் சேர்க்காமல் கிடந்தது. அதை மட்டும் அன்றே சரிசெய்யச் சொல்லி, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அனுப்பி வைத்தோம்.

அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான் (1942-46) தொழிலாளர்களுக்கான உடல்நலக் காப்பீடு பற்றி பி.பி.அதர்கர் தயாரித்த அறிக்கை வந்தது. 1948-இன் இஎஸ்ஐ சட்டத்துக்கு அதுவே அடித்தளம். பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில், காப்பீட்டுத் தொழில் அரசின் ஏகபோகமாகவே இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அவர் சிலைக்கு மாலை போடுகிற கட்சிகளில் எத்தனை இந்த வரியை நினைவில் வைத்திருக்கின்றன? ஆயுள் காப்பீடு 1956-இலும் பொதுக் காப்பீடு 1973-இலும் அரசுடைமை ஆனது. 1999 சட்டம் தனியாருக்கு மறுபடி கதவைத் திறந்தது. இன்று மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் தனியார் நிறுவனங்கள், 2023-24 கணக்குப்படி, 100 ரூபாய் பிரீமியத்தில் சுமார் 65 ரூபாயைத்தான் கிளெய்மாகத் திருப்பித் தந்திருக்கின்றன. அதே ஆண்டில் பொதுத்துறை நிறுவனங்கள் தந்தது 100 ரூபாய்க்கும் மேல்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பது முக்கியம். ஆணையத்தின் இலவச எண் 155255.

அந்தப் பெண் தமிழிலேயே புகார் எழுதினார். விண்ணப்பத்தில் டிக் செய்தது யார், எந்த டாக்டர் எந்தத் தேதியில் ஆஸ்துமா என்று சொன்னார் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் அதில் இருந்தன. பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. இன்னும் பதில் வரவில்லை. கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிய 68,400 ரூபாய்க்கு மாத வட்டி போய்க்கொண்டிருக்கிறது. கணவர் திரும்பவும் டிரம் வேலைக்கே போகிறார். நாம் கிளம்பும்போது அதே தெருவில் இன்னும் மூன்று பேர் தங்கள் கடிதங்களோடு வந்து நின்றார்கள்.