கல்லுக்குள் ஒரு முள்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)



முதலாமாண்டு ஃபிட்டிங் வகுப்பில் மூன்று நாள் அரம் போட்டுத் தேய்த்த 'வி' ஜாப்பை, கடைசி நிமிஷத்தில் ஹேக்சாவை ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துக் கெடுத்தவன் நான். "கை வேலைதானே, இதுல என்ன பெரிசா இருக்கு" என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்தை மாற்றியது, செத்து 40 கோடி ஆண்டு ஆன ஒரு கடல் பிராணி!

அதன் பெயர் டைக்ரானூரஸ். ட்ரைலோபைட் என்னும் பெருங்கூட்டத்தில் இது ஒரு பேரினம். நண்டு, தேள் இவற்றுக்கெல்லாம் தூரத்து உறவு. ட்ரைலோபைட்டுகள் ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தன. டைக்ரானூரஸ் வாழ்ந்தது இடையில் வந்த டெவோனியன் காலத்தில். உடம்பு கட்டைவிரல் நீளம்தான். ஆனால் இருபுறமும் நீண்ட முட்கள். தலைக்குப் பின்னால் ஆட்டுக்கடாவுக்கு இருப்பது போல் சுருண்ட இரண்டு கொம்புகள்.

இதில் ஓர் இனத்துக்கு 'மான்ஸ்ட்ரோசஸ்', அதாவது பூதம் போன்றது என்று பெயர் வைத்தவர் ஜோவாக்கிம் பராந்த். அவர் நம்ம ஆள்தான்! பாரிஸ் பாலிடெக்னிக்கில் படித்த இன்ஜினியர். 1830-களில் பிராக் நகருக்கு மேற்கே, குதிரை இழுக்கும் ரயில் பாதைக்காக நிலம் அளக்கப் போனவர், அங்கே கிடைத்த புதைபடிவங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய நூலின் முதல் பகுதி 1852-ல் வந்தது.

இன்று முழு உருவமாக டைக்ரானூரஸ் கிடைக்கும் முக்கிய இடங்கள் இரண்டு: ஆப்பிரிக்காவில் மொராக்கோ, அமெரிக்காவில் ஒக்லஹோமா. இவ்வளவு தூரத்தில் எப்படி? அன்று அட்லாண்டிக் பெருங்கடலே கிடையாது. அந்த இரண்டு நிலங்களுக்கும் இடையே வேறொரு கடல் இருந்தது. அதன் ஆழமில்லாத பகுதிகளில் இவை வாழ்ந்தன.

சரி, முள் எப்படி உடையாமல் வந்தது? பெரும்பாலும் வரவில்லை என்பதே பதில். ட்ரைலோபைட் வளர வளரச் சட்டை உரிக்கும். உரித்த ஓடு தலை வேறு, வால் வேறாகச் சிதறிவிடும். திடீரென்று சேறு வந்து மூடினால்தான் முழு உருவம் மிஞ்சும்.

மிஞ்சினாலும் கஷ்டம் தீரவில்லை. ஓடு கால்சைட், சுற்றியிருக்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சைட். ஆசிட் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து கரையும். ஆகவே கை வேலைதான் கதி. பாறையை உடைத்ததும், உடைந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு கோடாகவும் புள்ளியாகவும் தெரியும். துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, கம்ப்ரஸர் காற்றில் அதிரும் ஊசியால் கல்லைத் துளித்துளியாக எடுப்பார்கள். முள்ளை நெருங்கியதும் மென்மையான பொடியைக் காற்றோடு பீய்ச்சுவார்கள். நம்ம சாண்ட் பிளாஸ்டிங்கேதான், குட்டி அளவில்! உளியும் சுத்தியலும் மட்டுமே இருந்த காலத்தில் எத்தனையோ முட்கள் கற்சில்லோடு குப்பைக்குப் போயின. முள் இருந்ததா இல்லையா என்பதையே டெக்னீஷியனின் கை தீர்மானித்தது.

இதில் ஒரு மோசடியும் உண்டு. முள் முறிந்த இடத்தில் பிசினால் புது முள் செய்து ஒட்டி, முழுசு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் முள் எத்தனை, எந்தப் பக்கம் வளைந்தது என்று படிக்க வருகிறவன் பொய்யைப் படிப்பான். நேர்மையான டெக்னீஷியனோ, ஒட்டிய இடத்தை ஒட்டியது என்றே எழுதி வைப்பான்.

இதைப் படித்தபோது என் ரெக்கார்டு நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. கிராஃப் நேராக வரவேண்டும் என்று எத்தனை ரீடிங்கை "அட்ஜஸ்ட்" செய்திருப்பேன்! அவையெல்லாம் பிசின் முட்கள்தானே? பூமியின் ரெக்கார்டில் பாதிப் பக்கம் கிழிந்திருக்கிறது. ஆனால் இருக்கும் பக்கத்தில் பொய் இல்லை.

போன செமஸ்டரில் ஒரு ரீடிங் தப்பாக வந்தது. அப்படியே எழுதினேன். இரண்டு மார்க் போயிற்று. போகட்டும்!