ஆசிரியரின் வேண்டுகோளை எப்படிப் படிப்பது?

பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆனதும், கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலர் கைப்பேசியை நீட்டி ஒரு செய்தியைக் காட்டுகிறார்கள். எங்கோ தொலைவில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியர் எழுதியது அது. வகுப்பறையின் படம், வேண்டிய தொகை, இதுவரை சேர்ந்ததைக் காட்டும் பச்சைக் கோடு, அடியில் ஒரு கியூஆர் குறியீடு. "கொடுக்கலாமா சார், நம்பலாமா?" என்று கேட்கிறார்கள்.

நம்பலாமா என்பது அந்தக் கேள்வியின் எளிய பாதி. போலியான வேண்டுகோளைக் கண்டறியப் பெரும்பாலும் சில நிமிடச் சரிபார்ப்புப் போதும். பள்ளியும் உண்மை, ஆசிரியரும் உண்மை என்று தெரிந்த பிறகுதான் கடினமான பாதி தொடங்குகிறது: இந்தப் பணம் அந்த வகுப்பறையில் என்ன ஆகும்? கடன் விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய எனக்கு, நன்கொடை வேண்டுகோளையும் ஏறத்தாழ அதே கண்ணோடுதான் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், எந்தக் கணக்கில் பணம் சேரும், வாங்கிய பொருள் இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கும் என்பவை இரண்டுக்கும் பொதுவான கேள்விகள்.

ஆசிரியர்கள் இணையத்தில் உதவி கேட்கும் முறைக்கு அமெரிக்காவில் ஒரு முன்னோடி உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சமூக அறிவியல் கற்பித்த சார்லஸ் பெஸ்ட் என்ற ஆசிரியர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் அமைப்புதான் அது. அங்கே ஆசிரியர் தமக்குத் தேவையான பொருள்களை விலையுடன் பட்டியலிடுகிறார். அமைப்பு அதைச் சரிபார்த்து வெளியிடுகிறது. முழுத் தொகையும் சேர்ந்ததும், அமைப்பே பொருள்களை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறது. குறித்த காலத்துக்குள் தொகை சேராவிட்டால் வேண்டுகோள் முடிவுக்கு வரும். கொடுத்தவர் தம் பணத்தை வேறொரு வகுப்பறைக்குத் திருப்பலாம். ஆசிரியரின் கையில் ரொக்கம் போவதே இல்லை. வங்கியாளர் பார்வையில் அந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த கூறு இதுவே. வாகனக் கடனில் நாமும் பணத்தை வாங்குபவரிடம் கொடுக்காமல் விற்பனையாளரின் கணக்குக்குத்தான் அனுப்புகிறோம்.

நம் நாட்டில் நிலைமை வேறு. மிலாப், கெட்டோ போன்ற கூட்டுநிதித் தளங்கள் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்களால் அறியப்பட்டவை. கல்விக்கான வேண்டுகோள்களும் அவற்றில் வருகின்றன. ஆனால் பல ஆசிரியர்கள் எந்தத் தளத்தையும் நாடுவதில்லை. வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ எழுதித் தம் சொந்தச் சேமிப்புக் கணக்கின் யுபிஐ முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். எனினும் அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பும்போது அந்த ஆசிரியரையே நாம் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். மத்திய அரசுப் பணியாளர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 12ஆம் விதி, முன் அனுமதி பெறாமல் நிதி திரட்டுவதையோ அதில் பங்கு கொள்வதையோ தடுக்கிறது. பல மாநிலங்களின் நடத்தை விதிகளிலும் இதையொத்த கட்டுப்பாடு உண்டு. அதோடு, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடையாகப் பெற்றால் முழுத் தொகையும் பெறுபவரின் வருமானமாகக் கருதப்படலாம். வகுப்பறைக்கு மின்விசிறி வாங்க முயன்றவர், துறை விசாரணைக்கும் வரித்துறையின் கடிதத்துக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க நேரிடும்.

அப்படியானால் பணம் எங்கே போகவேண்டும்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோரோ காப்பாளரோ ஆக இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். அரசிடமிருந்தும் வேறு எந்த வழியிலும் வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அக்குழுவின் பணிகளுள் ஒன்று என்று அதே பிரிவு கூறுகிறது. ஆகவே ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது, "மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாமா, குழுவின் தீர்மான நகல் கிடைக்குமா?" என்பதே. முறையாக நடந்துகொள்ளும் ஆசிரியருக்கு இக்கேள்வி ஒரு பாதுகாப்பு. மழுப்பலான பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

சரிபார்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அதைக் கேட்டுப் பெற்று, பள்ளியின் பெயர், ஊர், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை மத்தியக் கல்வி அமைச்சின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வேண்டுகோளில் உள்ள கைப்பேசி எண்ணை விட்டுவிட்டு, வேறு வழியில் கிடைத்த எண்ணில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். உண்மையான வேண்டுகோளை அப்படியே நகலெடுத்துக் கியூஆர் குறியீட்டை மட்டும் மாற்றி ஒட்டுவது எளிது. எனவே பணம் அனுப்புமுன் யுபிஐ திரையில் தோன்றும் கணக்குப் பெயரைப் படித்துப் பாருங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்புவோரும் இப்போது பெறுபவரின் பெயரை முன்கூட்டியே பார்க்கலாம். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும்.

அடுத்தது, கேட்கும் பொருள் ஏற்கெனவே அரசு நிதியில் கிடைக்கக்கூடியதா என்பது. சமக்ர சிக்ஷா திட்டத்தில், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 1,00,000 ரூபாய் வரை ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வரையறுக்கப்பட்டுள்ளது. விளையாட்டுப் பொருள்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை தனியே உண்டு. எட்டாம் வகுப்பு வரை பாடநூல்களும் அரசின் பொறுப்பு. ஆகவே கால்பந்துக்கும் பாடநூலுக்கும் வேண்டுகோள் வந்தால், இந்த ஆண்டு மானியம் வந்ததா, எதற்குச் செலவானது என்று கேட்பது நியாயம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். மானியம் பிந்தி வந்திருக்கலாம், குழந்தைகளோ ஜூனிலேயே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் தெளிவாக இருந்தால் போதும்.

இனி இரண்டு வேண்டுகோள்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்போம். இரண்டும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை.

முதலாவது, ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு 1,80,000 ரூபாயில் திறன் பலகை. நேர்த்தியான காணொளி, உருக்கமான இசை, தேர்ந்த ஆங்கிலம். விலைப்புள்ளி இல்லை. இரண்டாவது, 42 குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 14,600 ரூபாய்: தாய்மொழிக் கதைப் புத்தகங்கள் 150, திறந்த அலமாரி ஒன்று, உட்கார்ந்து படிக்கப் பாய்கள் இரண்டு. எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் இரண்டு கடைகளின் விலைப்புள்ளி இணைக்கப்பட்டுள்ளது. பழைய புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடந்ததால் யாரும் எடுக்கவில்லை, அதனால்தான் திறந்த அலமாரி கேட்கிறேன் என்று ஒரு வரி இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரவல் பதிவேட்டைக் கவனித்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் இரண்டாவதற்குக் கொடுப்பேன். தொகை சிறியது என்பது காரணமல்ல. அந்த பீரோ பற்றிய ஒற்றை வரியை, வகுப்பறையில் நின்று கவனித்தவர் மட்டுமே எழுத முடியும். முதல் வேண்டுகோளை நிராகரிக்கவும் மாட்டேன். சில கேள்விகள் எழுதி அனுப்புவேன். மின்தடையின்போது பலகை இயங்க யுபிஎஸ் உண்டா? உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுதுபார்க்கும் செலவு யாருடையது? இந்த ஆசிரியர் இடமாறுதலில் போய்விட்டால் அதை இயக்க இன்னொருவருக்குத் தெரியுமா? பள்ளிகளில் பல கருவிகள் மௌனமாவது கடைசிக் காரணத்தால்தான். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தரப்பட்டது. அதில் 10 லட்சம் ஆய்வகத்தை அமைக்க, மீதி 10 லட்சம் ஐந்தாண்டுகள் வரை அதை நடத்த. நிறுவும் செலவுக்கு இணையாக நடத்தும் செலவும் அங்கே கணக்கில் வந்திருக்கிறது. பலகை கேட்பவரின் பட்டியலில் இரண்டாம் பகுதி முழுக்கக் காலியாக இருக்கிறது.

காணொளி எடுக்கவும் ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்தவரின் பள்ளி எளிதில் கண்ணில் படுகிறது. ஜார்க்கண்டின் ஒரு மலைக் கிராமத்தில், அலைவரிசை கிடைக்கும் இடத்துக்கு நடந்து போய் உடைந்த இந்தியில் நான்கு வரி எழுதும் ஆசிரியரின் பள்ளி படுவதில்லை. நடை அழகுக்கு மதிப்பெண் போடாமல், பட்டியலுக்கும் விலைப்புள்ளிக்கும் பராமரிப்புத் திட்டத்துக்கும் போட்டால் இந்தச் சாய்வு ஓரளவு குறையும். 2021 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய வித்யாஞ்சலி 2.0 இணையதளம் இவ்வகையில் உதவக்கூடும். அங்கே பள்ளியே தன் தேவையைப் பதிவு செய்கிறது. கொடுப்பவர் பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். ஓய்வு பெற்ற வாடிக்கையாளர்கள் அதை ஒருமுறை திறந்து பார்க்கலாம். கணக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேடும் பள்ளிக்கு நம்மில் பலர் பயன்படுவோம்.

குழந்தைகளின் படங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. கிழிந்த சீருடை, கண்ணீர், பெயர், வகுப்பு என எல்லாவற்றையும் சேர்த்து வெளியிடும் வேண்டுகோள்கள் உண்டு. அந்தச் சிறுமி பத்து ஆண்டுகள் கழித்து வேலை தேடும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். காலியான அலமாரியின் படமே தேவையைச் சொல்லிவிடும். இதை ஆசிரியரிடம் மெல்லச் சொல்லுங்கள், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

வரிச்சலுகையைச் சிலர் முதல் கேள்வியாகவே கேட்கிறார்கள். 80ஜி சலுகை, அதற்கான ஒப்புதல் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் உண்டு. தனி ஆசிரியருக்குக் கொடுத்தால் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இச்சலுகை பொருந்தாது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளும் பங்களிக்க விரும்பலாம். அவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டின் குடியுரிமை பெற்றவர்கள் என்றால், பெறும் அமைப்புக்கு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். மேலாண்மைக் குழுவின் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்லாதீர்கள்.

பணம் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு தாள்களைக் கேளுங்கள்: கடை ரசீதின் நகல், பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அந்தப் பொருள் ஏறிய பக்கத்தின் நகல். பதிவேட்டில் ஏறினால்தான் அது பள்ளியின் உடைமை. ஆசிரியர் மாறினாலும் பொருள் மாறாது. அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயத்தில், கதைப் புத்தகங்களுக்குப் பணம் கொடுத்தவர் அந்த இரவல் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். கோணல் எழுத்தில் பெயர்களும் தேதிகளும் நிறைந்திருந்தால், அதே ஆசிரியரின் அடுத்த வேண்டுகோளுக்கு இத்தனை கேள்விகள் தேவைப்படாது.