திருவருளும் ஆங்கிலத்து இரு சொற்களும்

திருவருள் என்னுஞ் சொல்லை ஆங்கிலத்திற் பெயர்ப்போர் 'கிரேஸ்' என்றும், கருணை என்பதனை 'மெர்சி' என்றும் எழுதுதல் வழக்காயிற்று. 1896-இல் திருவருட்பயனை மொழிபெயர்த்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களும் முன்னைய சொல்லையே மேற்கொண்டார்கள். வேறு நற்சொல் அம்மொழியில் இன்மையின் அஃது ஏற்புடைத்தே. ஆயினும், ஆங்கில வாயிலாகவே சித்தாந்தம் பயிலும் அன்பர் பெருகிவரும் இந்நாளில், அச்சொற்களின் எல்லையை அளந்தறிதல் வேண்டும்.

இரண்டும் இலத்தீன் வழி வந்தன. 'கிராத்தியா' என்பது விருப்பம், நன்றி எனப் பொருள்பட்டுப் பின்னர்த் தகுதி நோக்காது இறைவன் வழங்குங் கொடையைக் குறித்தது. 'மெர்க்கேஸ்' என்பதோ கூலி! அதனினின்று பிறந்த 'மெர்சி', ஒறுக்க வல்லான் ஒறாது விடுதலையே பெரும்பாலும் உணர்த்துவதாயிற்று.

இவ்வேற்றுமை விளங்கச் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியை நோக்குக. அங்கு வந்து தங்கும் பறவைகளைச் சுடலாகாதென ஊரார் வேண்ட, 1798-இல் கலெக்டர் பிளேஸ் துரை ஆணை தந்தார். நீட்டிய துப்பாக்கியைத் தாழ்த்துதல் மெர்சி. ஏரி நீரும், கூடுகட்டக் கிளையும் கேளாமலே அளித்தல் கிரேஸ். பறவையெச்சங் கலந்த நீர் வயலுக்கு உரமாதலின் ஊரார்க்குக் 'கூலி'யும் உண்டென்பது வேறு.

இனி, இவ்விரண்டனுள்ளும் அடங்காத பகுதியே சித்தாந்தத்திற்கு உயிர்நிலை. ஆணவத்தின் ஆற்றல் மெலியுங்காறும், தன்னைக் காட்டாது மறைந்து நின்று உயிரை உலகப் போகங்களிற் செலுத்துவதும் அருளே. அதனைத் திரோதான சத்தி என்றும், மலத்தைத் தொழிற்படுத்தலின் உபசாரத்தான் மலமென்றும் ஆசிரியர் கூறுவர். வினைக்கேற்பத் துன்பம் ஊட்டுதலும் அங்ஙனமே. பெற்றோர் மகவை அடித்துத் திருத்துதலை உவமை காட்டிச் சிவஞான சித்தியார் இதனை நிறுவும். அறக்கருணை, மறக்கருணை என வகுத்தது இதுபற்றியே. தண்டம் ஒழிதலைக் குறிக்குஞ் சொல், தண்டமே கருணையாதலை எவ்வாறு தாங்கும்?

இவ்விடர் ஆங்கிலத்தோடு நில்லாது தமிழினும் புகுந்தது. தூக்குத் தண்டனை பெற்றோர் அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர்க்கு விடுப்பது 'கருணை மனு' எனப்படுகின்றது. செய்தித்தாளில் இதனைக் கண்டு பழகிய இளைஞர்க்கு மறக்கருணை முரண்மொழியாகவே தோன்றும்.

'கிரேஸ்' என்பதனானும் ஓரிடர் உண்டு. தகுதி நோக்காக் கொடையெனின், சிலர்க்கு அளித்துச் சிலர்க்கு மறுப்பது என்னையென்னும் வினா எழும். மீட்கப்படுவாரை இறைவன் முன்னரே தெரிந்து வைத்தான் எனக் கால்வின் விடையிறுத்தார். நம் கொள்கையில் அவ்வினாவிற்கே இடனில்லை. ஞாயிறு எல்லா மொட்டின்மேலும் ஒப்ப எறிப்பினும், பக்குவமுற்றதே மலரும். இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்துழிச் சத்திநிபாதம் நிகழ்தலும் அத்தன்மைத்து. அப்பக்குவமும் மறைந்து நின்ற அருள் விளைத்ததேயாம்.

ஆகலின், மொழிபெயர்ப்போர் 'அருள்' என்பதனை ஆங்கிலத்தும் அவ்வாறே நிறுத்தி, முதன்முறை வருமிடத்து விளக்கம் எழுதுதல் நலமென்பது எம் கருத்து. 'கர்மம்', 'குரு' முதலியன அங்ஙனமே அம்மொழியில் ஏறின.