சேற்றில் மாறும் பாதரசம்

பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியில் விழும் தண்ணீரைக் கொண்டுவருவது பாம்பாறு. கொடைக்கானலில் பாம்பார் சோலை வழியாக அது இறங்குகிறது. அந்தச் சோலையின் தலைமாட்டில்தான் பழைய தெர்மாமீட்டர் ஆலை இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமான ஆலை அது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் டன் கணக்கில் கிடந்தது அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது.

ஆலையின் தண்ணீர் வடிவது பாம்பார் சோலைப் பக்கம். கொடைக்கானல் ஏரி அந்தச் சரிவில் இல்லை. ஆனாலும் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசம் இருந்ததை அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகத்தார் கண்டு 2006-இல் வெளியிட்டார்கள். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகக்கூடிய உலோகம் பாதரசம். அது காற்றேறி வந்திருந்தது. அவர்களுடைய முடிவுகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சின்ன எண். ஏரிச் சேற்றிலிருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது.

எல்லாம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. உருண்டோடும் பாதரசக் குண்டு ஒன்றைத் தெரியாமல் விழுங்கிவிட்டால், பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும்; அதன் ஆவியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. ஆனால் காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு துணுக்கைப் பாதரசத்தோடு ஒட்டிவிடுகின்றன. அதைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் 2013-இல்தான் பிடிபட்டன. ஒட்டியபின் அதே பாதரசம் நம் குடலில் 95 சதவீதம் உறிஞ்சப்படுகிறது. மூளைக்குள்ளும் நுழைகிறது, நஞ்சுக்கொடி தாண்டிக் கருவையும் எட்டுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த நச்சுக் கொடுமை மெத்தில் பாதரசத்தால் விளைந்ததுதான்.

சேற்றிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து குஞ்சுமீனுக்கு, அங்கிருந்து விராலுக்கு. ஒவ்வொரு வாய் மாறும்போதும் செறிவு ஏறுகிறது. தண்ணீரில் இருப்பதைவிட வேட்டை மீனில் பத்து லட்சம் மடங்குகூட ஆகலாம். மீனை ஆயும்போது செவுளையும் குடலையும் எறிகிறோமே, ஈயமும் காட்மியமும் பெரும்பாலும் அங்கேதான் சேர்வதால் அது நல்ல வழக்கம். மெத்தில் பாதரசமோ சதையின் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. மஞ்சள் போட்டு அலசினாலும் புளிக்குழம்பில் கொதித்தாலும் போகாது.

எவ்வளவு தின்றால் கேடு? உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்பது சர்வதேச நிபுணர் குழு வகுத்த எல்லை. நம் நாட்டில் பெரும்பாலான மீன்களுக்கான பாதரச வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மீனில் இருப்பது முழுதும் மெத்தில் பாதரசம் என்று வைத்துக்கொண்டால், அந்த வரம்பளவு பாதரசமுள்ள மீனில் 60 கிலோ எடையுள்ளவர் வாரம் 190 கிராம் தின்றால் எல்லையைத் தொட்டுவிடுவார். 15 கிலோக் குழந்தைக்கு 48 கிராம், அதாவது ஒரு துண்டு. வாரம் ஒருநாள் மீன் வாங்கும் வீட்டுக்கு இது பெரிய தொல்லையில்லை. தினமும் தான் பிடித்ததையே தின்னும் மீனவர் வீட்டுக்கு அப்படியல்ல.

மீனை விட்டுவிடச் சொல்லவில்லை. மலிவான நல்ல புரதம் அது. மிதவை உயிர்களைத் தின்று சீக்கிரம் வலைக்கு வரும் கட்லாவில் பாதரசம் சேர நேரமில்லை. பல வருஷம் மற்ற மீன்களை விழுங்கிப் பெருத்த விராலிலும் வாளையிலும்தான் சேரும். கர்ப்பிணிகள் இதை அறிந்திருக்க வேண்டும். சாப்பிடுவதை நிறுத்தினால் உடம்பிலுள்ள மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஐம்பது நாளுக்கு மேல் ஆகும்.

ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் மிஞ்சலாம் என்ற கணக்கில்தான் துப்புரவுக்கு அனுமதி கிடைத்தது. அந்த மண்ணில் குடியிருக்கும் ஆளை நினைத்துப் போட்ட கணக்காகவே அது எனக்குப் படுகிறது. மழையில் கரைந்து கீழே வரும் மண்ணையும் அதில் மேயும் மீனையும் அது பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே கீழேயுள்ள பெரியகுளம் கண்மாய்களிலும் வைகையிலும் பிடிபடும் வேட்டை மீன்களை வருஷாவருஷம் சோதித்து, முடிவை மீன் விற்கும் இடத்திலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.