ஸ்கேன் சுத்தம்; சிகிச்சை முடியவில்லை

“மூணு கீமோவோட நிறுத்திட்டோம் டாக்டர். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாங்க, அப்பாவும் நல்லா சாப்பிட ஆரம்பிச்சிட்டார்.” பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு போனவர்களின் பிள்ளைகள், ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து வந்து இதைச் சொல்லும்போது மேசைமேல் புது ஸ்கேன் இருக்கும். கல்லீரலில் நாலைந்து இடத்தில் நோய் தெரியும். நடுவில் என்ன மருந்து என்று கேட்டால் முள்சீத்தா இலைக் கஷாயம், மஞ்சள் கேப்சூல், யாரோ வாட்ஸ்அப்பில் சொன்ன பொடி. இப்போது இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடுமாமே?”

ஸ்டெம் செல்லுக்கும் குடல் புற்றுநோய்க்கும் உறவு இருப்பது உண்மைதான். ஆனால் அது நிற்பது நோயின் பக்கம்.

ஸ்கேனில் சிக்காதவை

கட்டியில் உள்ள எல்லாச் செல்களுக்கும் ஒரே திறன் கிடையாது. 2007-இல் கனடாவின் டொராண்டோவிலும் இத்தாலியின் ரோமிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. நோயாளிகளின் குடல் கட்டியிலிருந்து செல்களைப் பிரித்து எலிகளுக்குள் வைத்தபோது, சிடி133 என்ற அடையாளப் புரதம் கொண்ட சிறு பிரிவுதான் புதுக் கட்டியை உண்டாக்கியது. இப்படிப்பட்டவற்றைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறோம்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்லைத்தான் அதிகம் தாக்கும். புற்றுநோய் ஸ்டெம் செல்களில் சில பெருகாமல் அடங்கிக் கிடக்கும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுபவை உண்டு. சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்பவையும் உண்டு. ஆக்சாலிபிளாட்டின் கொடுத்த பிறகு, அதுவரை அடங்கியிருந்த செல் பரம்பரைகள் தலையெடுத்ததை 2013-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தார்கள். கோரையைச் செதுக்கிப் போட்ட வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தண்ணீர் பாய்ந்ததும் மறுபடி பச்சை கிளம்பும். ஸ்கேன் பார்ப்பது மேல்மண்ணை.

கிழங்கைத் தோண்டும் மருந்து உண்டா?

இன்னும் இல்லை. இந்தச் செல்களைக் குறிவைத்து வந்த நாபாபுகாசின் என்ற மருந்து, முற்றிய குடல் புற்றுநோய்க்கான பெரிய சோதனைகளில் நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை. 2017-இல் வெளியான ஓர் எலி ஆய்வு சிக்கலை இன்னும் தெளிவாக்கியது. எல்ஜிஆர்5 என்ற அடையாளம் கொண்ட ஸ்டெம் செல்களை மட்டும் அழித்தபோது கட்டி வளராமல் நின்றது. அழிப்பதை நிறுத்தியதும், மிச்சமிருந்த சாதாரணப் புற்றுச் செல்களிலிருந்தே புதிய ஸ்டெம் செல்கள் முளைத்துவிட்டன. கோரையில் இலை கிழங்காக மாறாது. இங்கே மாறுகிறது.

ஆகவே பெரும்பாலோருக்கு வழி பழையதுதான். எடுக்க முடிகிற காலத்தில் கட்டியை முழுதாக எடுக்க வேண்டும். தப்பிய செல்கள் கொஞ்சமாக இருக்கும்போதே கீமோவை முடிக்க வேண்டும்.

கேட்டுக் கேட்டு அலுத்தவை

முதலில் அந்த ஸ்டெம் செல் ஊசி. சில ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு, அது நிரூபிக்கப்பட்டது. அதைத் தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். குடல் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது லட்சங்களில் பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

“நித்தியகல்யாணியிலிருந்துதானே கீமோ மருந்தே எடுக்கிறாங்க?” எடுக்கிறார்கள். வின்கிறிஸ்டின் அதிலிருந்து வந்ததுதான். அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்த அணுக்களைப் பார்த்துப் பார்த்துச் சிரை வழியே ஏற்றுகிறோம். ரத்தப் புற்றுநோய்க்கு உதவும், குடல் புற்றுநோய்க்கான வழக்கமான கீமோவில் அது இடம்பெறுவதே இல்லை. வீட்டில் ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்தால் அதில் எவ்வளவு நஞ்சு இறங்கியது என்று யார் அளந்தார்கள்?

குர்குமின் சோதனைக்கூடத் தட்டில் புற்றுச் செல்லைக் கொல்லும். வயிற்றுக்குள் போனால் மிகக் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும். மிளகுச் சத்தும் சேர்த்துச் செறிவாக விற்கும் கேப்சூல்களால் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சள்மேல் எனக்குக் கோபமில்லை.

சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் செத்துவிடும் என்பது இன்னொன்று. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். நோயாளிதான் இளைப்பார், அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

“கத்தி பட்டா பரவிடும்.” ஆரம்ப நிலையில் பெரும்பாலோரைக் குணமாக்குவதே அந்தக் கத்திதான்.

நிறுத்துவது யார்?

கீமோ கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்கு, ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்தும். குளிர்ந்த தண்ணீர் விழுங்கினால் தொண்டை இறுகும். அதிகாலையில் குழாயடியில் பாத்திரம் கழுவும் பெண்மணி இதற்குப் பயந்தே அடுத்த தேதிக்கு வராமல் இருந்துவிடுகிறார். உள்ளங்கைத் தோல் உரிகிறது என்று கேப்சிடபின் மாத்திரையைத் தாமாகவே பாதியாக்கி விழுங்குகிறவர்களும் உண்டு. ஏன் சொல்வதில்லை? அளவைக் குறைக்கலாம், தள்ளிப் போடலாம், ஒரு மருந்தை விட்டுவிட்டு மற்றொன்றைத் தொடரலாம். மூன்றாம் நிலையிலும் ஆபத்து குறைந்த பலருக்கு 6 மாத கீமோவுக்குப் பதில் 3 மாதமே போதும் என்று 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. குறைப்பதற்கும் கணக்கு உண்டு. அதை வீட்டில் போடாதீர்கள்.

கீமோ முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கு சிஇஏ ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன், கொலோனோஸ்கோபி ஆகியவற்றைச் சொன்ன தேதியில் செய்துகொள்ளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சிகிச்சை முடிந்தவர்கள் நடங்கள். கீமோ முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகளை 3 ஆண்டுகள் முறைப்படி உடற்பயிற்சி செய்ய வைத்தபோது நோய் திரும்புவது குறைந்ததாக 2025-இல் முடிவு வந்தது. இதற்குச் செலவே இல்லை.

இன்னும் நோய் வராதவர்களுக்கு: இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடல் சுவரில் சின்னப் பாலிப்பாகத்தான் தொடங்குகிறது, புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். கொலோனோஸ்கோபியிலேயே அதை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் மலத்தில் ரத்தம் கண்டவுடன் நம்மவர்கள் போவது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் “மூலம், பௌத்திரம்” போஸ்டர் ஒட்டிய இடத்துக்கு. அல்லது கருணைக்கிழங்கு மசியல். மாதங்கள் அதிலேயே போய்விடுகின்றன. மூலமாகவே இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் ரத்தம் வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். 40 வயதிலேயே, அவர்களுக்கு இளவயதில் வந்திருந்தால் அந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பாகவே, ஒருமுறை கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள்.