தினமும் மாத்திரை போட்டே ரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்த முடியுமா? சாதித்துக் காட்டிய டாக்டர் பிரையன் டிரக்கர்

சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்தால், 1990-களில் பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சியது சில ஆண்டுகள்தான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை எல்லோருக்கும் ஒத்துவராது. இன்டர்ஃபெரான் ஊசியோ காய்ச்சல், உடல்வலி என்று ஆளையே படுக்கப் போட்டுவிடும். இன்று அதே நோயோடு பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள். இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர்.

சி.எம்.எல்.னா என்ன?

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு செல்லில் 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் உருவாகும் 'பிசிஆர்-ஏபிஎல்' புரதம், ஆஃப் ஆகவே ஆகாத சுவிட்ச் மாதிரி. வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகும். இது பரம்பரையாக வருவதல்ல.

டிரக்கர் என்ன செய்தார்?

அந்த சுவிட்சை மட்டும் அணைக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. 1993-ல் ஓரிகான் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர், சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவன விஞ்ஞானி நிக் லைடனைத் தொடர்புகொண்டார். அங்கிருந்து வந்த ரசாயனங்களில் ஒன்று புற்று செல்களை அழித்தது; நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. அதுதான் இமாட்டினிப்.

ஆனால், நோயாளிகள் குறைவு, போட்ட பணம் திரும்புமா என்று நிறுவனம் தயங்கியது. டிரக்கர் விடவில்லை. 1998-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. இன்டர்ஃபெரான் கைகொடுக்காத 54 பேருக்குப் போதிய அளவில் இந்த மருந்து தரப்பட்டது. 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது! 2001 மே மாதம் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

எல்லோருக்கும் கிடைத்ததா?

அங்கேதான் சிக்கல். நோவார்ட்டிஸ் (சீபா-கெய்கி இணைந்து உருவான நிறுவனம்) விற்ற மாத்திரைக்கு இந்தியாவில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்திய நிறுவனங்கள் தயாரித்ததோ சுமார் 10 ஆயிரம். நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. விலை குறைந்த மாத்திரைக்கு வழி அடைபடவில்லை. இந்த மருந்தின் விலை தன்னைச் சங்கடப்படுத்துவதாக டிரக்கரே 2007-ல் வெளிப்படையாக எழுதினார்.

கவனிக்க வேண்டியது

தொடர் சோர்வு, எடை குறைவு, இடது விலாவுக்குக் கீழே கனம் போன்றவை சி.எம்.எல். அறிகுறிகளாக இருக்கலாம். பலருக்கு அறிகுறியே இருக்காது. சாதாரண ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். மாத்திரை சாப்பிடுபவர்கள், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. சுவிட்ச் மறுபடியும் ஆன் ஆகலாம்.